கோட்டை வாயிலில் ஒரு நிலைக்கல்

திருகோணமலைக்கு வந்து கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் எவரும் முதலில் ஒரு கோட்டை வாயிலைக் கடந்தாக வேண்டும். பிரெடரிக் கோட்டை என்பது அதன் பெயர். உள்ளே இன்றும் படைவீரர் முகாம் உண்டு. புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. அவற்றினூடே ஏறிச் செல்லும் பாதை சுவாமி மலையின் உச்சியிலே கோயிலிற் சென்று முடிகிறது. அடியவர்கள் கையிலே அருச்சனைத் தட்டும் மனத்திலே வேண்டுதலும் கொண்டு விரைகிறார்கள். வாயிலின் நிலைக்கல்லை நின்று பார்ப்பவர் மிகச் சிலர். அக்கல்லிலே இரு கயல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உடன் தமிழ் எழுத்துகள், சிதைந்தவை, பாதியில் நின்றுபோன வரிகள். கோட்டையைக் கட்டியவன் தமிழனல்லன். கயலைக் கொடியாகக் கொண்டவனும் அல்லன். அப்படியாயின் அக்கல் அங்கே வந்தது எவ்வாறு?

இவ்வினாவை மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். தம்பலகாமத்திலே நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். ஆண்டுதோறும் ஒரு வகுப்பையேனும் பதினைந்து மைல் தொலைவிலுள்ள கோட்டைக்கு அழைத்துச் சென்று, அந்தக் கல்லின் முன்னே நிறுத்தி, கதையைச் சொல்லி முடிப்பேன். ஓராண்டு, ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி என்னையே மடக்கிவிட்டாள். "ஐயா, இந்தக் கல் கோயிலுடையது என்றால், கோட்டையை உடைத்துக் கல்லை எடுத்துப் பழைய கோயிலைத் திரும்பக் கட்டினால் என்ன?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஆசிரியர் 'நாளை' என்றால் அதற்கு என்ன பொருள் என்பதை மாணவர் நன்கறிவர்.

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் இது. மலையுச்சியிலும் இடையிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் இங்கே நின்றன எனப் போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கின்றனர். 1620களில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அவற்றை இடித்து, அக்கற்களைக் கொண்டே 1624 இல் கோட்டையை எழுப்பினான். இடித்தவர்களுக்கும் ஒரு கூச்சம் இருந்தது போலும். குளக்கோட்டன் பெயரோடு கூடிய கல்வெட்டுச் செய்தியைப் படியெடுத்துத் தம் நாட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி லிஸ்பன் நகரத்து அஜூடா நூலகத்திலே இருப்பதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கி குலைப்பான் என்று தீர்க்கதரிசனம் உரைக்கும் பாட்டினை எங்கள் ஊர்க் கிழவிகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கல்லிலோ அதன் துண்டுகளே எஞ்சியுள்ளன.

பின் நடந்ததும் சிறு கதையன்று. 1639 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1665 இல் அதனைப் பெரிதாகத் திருத்திக் கட்டினர். 1782 ஆம் ஆண்டொன்றிலேயே ஆங்கிலேயரும் பிரான்சியரும் மாறி மாறி அதிற் கொடியேற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் நிலையாகக் கைக்கொண்டு, 1803 இல் தம் அரசரின் மகனாகிய யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினர். ஆகவே, 'பழைய நிலைக்கு மீட்பது' என்றால் எந்த ஆண்டின் நிலைக்கு மீட்பது? ஒல்லாந்தன் கட்டிய மதிலைக் களைந்தால் போர்த்துக்கேயனது அடித்தளம் வரும். அதையும் களைந்தால் கோயிற் கற்கள் கிடைக்கும். ஆனால் கோயில் கிடைக்காது.

கோயில் வேறொரு வழியாகப் பிழைத்தது. இடிப்பு வருமுன் அடியார்கள் திருவுருவங்களை எடுத்து மறைத்தனர் என்பதும், பின்னர் தம்பலகாமத்திலே ஆதிகோணநாயகர் ஆலயம் எழுந்தது என்பதும் எங்கள் மரபு. அதற்கு ஆதரவளித்தவன் கண்டி மன்னன் இராஜசிங்கன் என்றும் அம்மரபு சொல்லும். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் தானத்தார், வரிப்பத்தார் என்று வகுத்துரைக்கும் தொழும்புகள் கோயில் இடிந்தபின்னும் இடியவில்லை. எண்ணெய் வார்ப்பதும் பூக்கொய்வதும் நெல் அளப்பதும் இன்ன குடிக்கு உரியவை என்ற உரிமை மக்களிடம் நின்றது. 1950 இல் திருகோணமலை நகரசபையினர் கிணறு தோண்டுகையில், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1963 மார்ச் 3 இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கோட்டையிலிருந்து ஒரு கல்லும் பெயர்க்கப்படாமலே இத்தனையும் நிகழ்ந்தன.

அதற்கு அடுத்த ஆண்டுதான் புயல் வந்தது. 1964 டிசெம்பர் 22. அந்த இரவிலேயே தனுஷ்கோடியைக் கடல் கொண்டது என்பதை எல்லாரும் அறிவர். அதே புயல் திருகோணமலை மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது என்பதை வெளியூரார் அவ்வளவாக அறியார். எனக்கு அப்போது ஏழு வயது. தென்னைகள் வேரோடு வீழும் ஓசையைப் பாட்டியின் சேலைக்குள் தலையை மறைத்துக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறது. விடிந்தபோது எங்கள் வீட்டுக்கு மண்சுவருமில்லை, கிடுகுக் கூரையுமில்லை. பாலை மரத்து வாயில்நிலை ஒன்று மட்டும் வெள்ளத்திலே நின்றது. அது என் பாட்டனாரின் தகப்பனார் வைத்த நிலை.

பாட்டனார் அந்த நிலையைச் சுற்றியே மறுபடி வீடு கட்டினார். அதன் ஒரு காலின் அடி இற்றுப்போயிருந்தது. அந்த அளவுக்கு மட்டும் வெட்டி, புதிய மரத்துண்டைப் பொருத்தினார். பழைய மரம் கரியது. புதியது வெளிறிப் பல்லிளித்தது. அடுத்த வீட்டுக்காரர், "அண்ணே, எல்லாத்தையும் புதுசாய்ச் செய்திருக்கலாமே, இல்லையென்றால் தாரையாவது பூசுங்கள்" என்றார். பாட்டனார், "நிலைதான் தம்பி வீடு, மற்றதெல்லாம் மறைப்பு. புயல் வந்த இடம் தெரியட்டும்" என்றார். தாரைப் பூசினால் மரம் நெடுநாள் உழைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பல்லாண்டுகள் கழித்து நான் ஒரு செய்தியைப் படித்து வியந்தேன். அதே 1964 ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் வெனிஸ் நகரிலே பல நாட்டுக் கட்டடக் கலைஞரும் வல்லுநரும் கூடி, பழஞ்சின்னங்களைப் பேணுவதற்கு ஒரு சாசனம் இயற்றினர். ஒரு கட்டடத்திலே எல்லாக் காலத்தாரும் செய்த நற்பணிகளை மதிக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதனின்று வேறாகத் தெரிய வேண்டும். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே திருத்தவேலை நிற்க வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். வெனிஸ் எங்கே, தம்பலகாமம் எங்கே! என் பாட்டனார் அச்சாசனத்தைக் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும் நிலையின் அடியிலே வெளிறித் தெரிந்த அந்த மரத்துண்டை அவ்வல்லுநர்கள் கண்டிருந்தால் குறை சொல்லியிரார்.

கடலுக்கு அப்பால் தரங்கம்பாடியில், தஞ்சை இரகுநாத நாயக்கர் இடங்கொடுக்க 1620 இல் டென்மார்க்கினர் கட்டிய கோட்டையைக் கடல் பல காலம் அரித்தது. அதைச் செப்பனிடுவதில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரோடு டென்மார்க் அன்பர்களும் கைகொடுத்தனர். யாழ்ப்பாணத்திலே, 1990 இல் போரினாற் சிதைந்த ஒல்லாந்தர் கோட்டையை 2009 க்குப் பின்னர் நெதர்லாந்தின் உதவியோடு திருத்தினர். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே சுவருக்குச் சாந்து குழைப்பது நல்ல காட்சிதான். ஆனால் தரங்கம்பாடியில் கட்டியவன் ஒருவன் என்பது தெளிவு. எங்கள் வாயிலில் அத்தெளிவு இல்லை. கல் கோயிலுடையது, சுவர் பறங்கியுடையது, திருத்தம் ஒல்லாந்தனுடையது, பெயர் ஆங்கிலேயனுடையது. இவர்களுள் எவரையும் பாராட்ட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கோயிலை இடித்தது கொடுமை. அதனைக் கொடுமையென்றே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். ஆயினும் அக்கொடுமைக்குச் சாட்சி அச்சுவரே. சுவரைப் பிரித்தால் சாட்சியைக் கலைத்தவர்களாவோம்.

வேறோர் இடர்ப்பாடும் உண்டு. மகாவம்சம் இத்தலத்தைக் கோகர்ணம் என்று குறித்து, மகாசேனன் இங்கே தேவாலயத்தை அழித்து விகாரை எடுத்தான் என்கிறது. 'எங்கள் காலத்துக்கே மீட்போம்' என்று ஒரு சாரார் தொடங்கினால், அதற்கும் முந்திய காலத்தைக் காட்டி மற்றொரு சாரார் வருவர். பிரித்துக்கொண்டே போனால் கடைசியிலே கடலும் பாறையும்தான் மிஞ்சும்.

கந்தளாய்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். அதனைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது நம்மவர் மரபு. இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பர் வரலாற்றாசிரியர். பின்வந்த அரசர்களும் ஆங்கிலேயரும் அதைத் திருத்தினர். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மீண்டும் அணை எழுந்தபோது எந்த அரசனின் அணையைக் கட்டுகிறீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் விதைத்தார்கள்.

எனக்கோர் ஆசை உண்டு. கோட்டை மதிலிலே புதைந்துள்ள ஒவ்வொரு கோயிற் கல்லையும் அதனிடத்திலேயே வைத்து, எண்ணிட்டு, படமெடுத்து, மூன்று மொழிகளிலும் ஒரு நூலாக்கிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க வேண்டும். செலவு பெரிதன்று, பொறுமைதான் பெரிது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன 'நாளை' உண்மையாகவே மறுநாள் வந்தது. பாட்டனாரின் வாயில்நிலையைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் இடித்தவர்களை விட்டுவிடுவதா, ஐயா?" என்றாள். "இல்லை பிள்ளை, எழுதி வைப்பது" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. பின்னர் தன் கொப்பியை நீட்டினாள். கயல்கள் இரண்டையும் வரைந்து, கல்லிலுள்ள எழுத்துகளைக் கண்டபடி பிரதி செய்து, சிதைந்த இடங்களை வெறுமையாக விட்டிருந்தாள்.

"பாட்டு முழுவதும் உனக்குத் தெரியுமே, இடைவெளிகளை ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டேன்.

"கல்லிலே அவ்வளவுதானே ஐயா இருக்கிறது" என்றாள்.