ஆனர்ஸுக்கு ஒரு சாயங்காலம்

ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று இருக்கிறது. பட்டுத் தறிகளுக்குப் பேர்போன ஊர் ஆரணி. பல்கலைக்கழகம் தாங்கியிருக்கும் பெயரோ இன்னொரு பட்டு ஊரான காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவருடையது. அவர் ஆனர்ஸ் படித்தவர். அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையிலும் பி.இ. ஆனர்ஸ் பட்டத்துக்கு வழியுண்டு. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். இடையில் ஆனர்ஸ் படிப்பு எதைத் தவறவிட்டது என்பதுதான் என் கவலை.

அந்த 2021 விதி எளிது. வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் கூடுதலாக எடுக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடமாகக் கணக்கிட்டால் ஆறு பேப்பர். எல்லாத் தேர்விலும் முதல் முயற்சியிலேயே தேறி, சி.ஜி.பி.ஏ. 7.5-க்குக் குறையாமல் இருந்தால் பட்டச் சான்றிதழில் ஆனர்ஸ் என்று சேரும். அரியர் விழாமல் ஆறு பேப்பர் கூடுதலாக எழுதி முடிப்பது லேசான காரியமல்ல. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆறு பேப்பரைப் படிக்கிற பிள்ளைகள் ஒருவரையொருவர் எங்கே சந்திக்கிறார்கள், எதைப் பற்றி வாதிடுகிறார்கள் என்று கேட்டால் விதிமுறைப் புத்தகத்தில் பதில் இல்லை.

பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவருக்கு பி.ஏ. இரண்டு வருஷம், ஆனர்ஸ் மூன்று வருஷம். வீட்டுக் கஷ்டத்தால் காஞ்சிபுரம் நகராட்சியில் சில காலம் எழுத்தராக வேலை பார்த்துவிட்டு, பிறகுதான் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார் அண்ணா. இன்டர்மீடியட்டுக்குப் பின் படிப்பைத் தொடரத் தயங்கியவரை ஊக்கப்படுத்தி ஆனர்ஸில் சேர்த்தவர் கல்லூரி முதல்வர் சின்னத்தம்பிப் பிள்ளை. பொருளாதாரமும் அரசியலும் பாடம். கல்லூரி அப்போது சேத்துப்பட்டுக்குப் போகவில்லை. 1940 வரை அது ஜார்ஜ் டவுனில், எஸ்பிளனேடில் இருந்தது. உயர் நீதிமன்றமும் கடற்கரையும் நடக்கிற தூரம். துறைமுகத் தொழிலாளியும் வக்கீலும் பத்திரிகைக்காரரும் புழங்கிய இடம்.

அண்ணா ஆனர்ஸ் முடித்தது 1934-ல். அதே ஆண்டு திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில்தான் பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தார். பொருளாதாரம் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை, படிப்பு முடிந்த கையோடு நெசவாளர் இளைஞர்கள் கூடிய மேடைக்குப் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1943-ல் கம்பராமாயணத்தை முன்வைத்து அவரும் ரா.பி.சேதுப்பிள்ளையும் எதிரெதிரே நின்று வாதிட்ட இடம் சென்னை சட்டக் கல்லூரி. எதிர்த்தரப்பை உட்காரவைத்து, முழுக்கப் பேசவிட்டு, பிறகு பதில் சொல்லும் பழக்கம் பாடப் புத்தகத்தால் மட்டும் வருவதில்லை. அதற்குக் கல்லூரி மன்றங்களில் பல சாயங்காலங்கள் போக வேண்டும். 1968-ல் முதலமைச்சராக இருந்தபோது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சப் (Chubb) ஃபெல்லோவாக அழைத்தது. வளாகத்தில் தங்கி மாணவர்களோடு கலந்து பேசுவதற்கான அழைப்பு அது.

அதே அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரி 1922-ல் தொடங்கிய ஆனர்ஸ் திட்டம் இன்றும் நடக்கிறது. ஒரு மேசையைச் சுற்றிச் சில மாணவர்களும் ஒரு பேராசிரியரும். பாதியில் ஓர் இடைவேளை, மாணவர்கள் முறைபோட்டுக் கொண்டுவரும் தின்பண்டம், மீண்டும் விவாதம். கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நேருக்கு நேர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். வசதியான கல்லூரி, அங்கே முடியும் என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே நமக்கு நெருக்கமான பேராதனைக்கு வருகிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக, அதாவது ஆனர்ஸாகப் படித்தவர்கள் வகுப்போடு நிற்கவில்லை. அங்கே தமிழ்ச் சங்கம் இருந்தது, ‘இளங்கதிர்’ என்ற இதழ் இருந்தது, ஆண்டுதோறும் நாடகம் இருந்தது. பேராசிரியர் க.கணபதிப்பிள்ளை எழுதிய நாடகங்களை சு.வித்தியானந்தன் மேடையேற்றினார். நடித்தவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய ஆய்வாளரான கா.சிவத்தம்பி. அறுபதுகளில் வித்தியானந்தன் இன்னொரு படி மேலே போனார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை, அண்ணாவிமார் எனப்படும் கூத்து ஆசான்களின் துணையோடு மாணவர்களுக்குப் பழக்கி, மேடைக்கேற்பச் சுருக்கி அரங்கேற்றினார். 1962-ல் ‘கர்ணன் போர்’, 1964-ல் ‘இராவணேசன்’. இராவணனாக ஆடிய சி.மௌனகுரு மட்டக்களப்புப் பிள்ளை. அப்போது மாணவர், பின்னாளில் பேராசிரியர். ஊரில் படிக்காதவர் கலை என்று ஒதுக்கப்பட்டது பல்கலைக்கழக மேடையில் ஏறியதும், ஊரிலேயே அதற்கு மரியாதை கூடியது. தன் ஊரை மறைத்துக்கொள்ளாமல் வளாகத்துக்குள் வர ஒரு மாணவனுக்கு அங்கே வாசல் திறந்திருந்தது.

ஆரணிக்கும் அந்த வாசல் வேண்டும் என்பதுதான் என் கட்சி. இங்கே கொண்டுவருவதற்குச் சரக்கு இல்லாமல் இல்லை.

தறி வீட்டில் ஜக்கார்டு பெட்டியை நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தறிக்கு மேலே பெட்டி, அதையொட்டிக் கயிற்றில் கோத்துத் தொங்கும் அட்டைகள். நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை திரும்பிப் பெட்டியில் பதியும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி மேலே ஏறும், பாவில் அந்த இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். எழும்பிய இழைக்கும் கிடக்கும் இழைக்கும் நடுவே ஜரிகை நாடா பாய்கிறது. ஒரு அட்டை மாறிக் கோத்துவிட்டால் முந்தியில் மயிலின் கழுத்து உடைந்துபோகும். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு உத்தரவிட எடுத்துக்கொண்டது இதே துளை அட்டை முறையைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆனர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்தில் பாடம் கிடைக்குமா? வீட்டில் அட்டை கோத்த கை, வகுப்பில் வாய் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளை சொல்ல, பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தைத்தான் நான் ஆனர்ஸ் என்பேன்.

அடுத்தது கூத்து. தெருக்கூத்துக்குப் பேர்பெற்ற புரிசை இதே திருவண்ணாமலை மாவட்டம்தான். வேனில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடந்தால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பேராதனை மாணவர்கள் தேடிப்போய்க் கற்றது இங்கே தெருமுனையில் கிடைக்கிறது. கல்லூரி விழாவில் திரைப்படப் பாட்டுக்கு ஆடுவதைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் சந்தோஷம்தான். கூத்து வாத்தியாருக்கும் அந்த மேடையில் ஒரு நாற்காலி கேட்கிறேன்.

தடை எங்கே என்றால், நேரத்தில். தறி வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி மணி அடித்ததும் சாயங்காலம் சொந்தமாகக் கிடைப்பதில்லை. தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்ற வேண்டும். கோர்வைத் தறி என்றால் கரை நாடா போட இன்னொரு கை வேண்டும், அந்தக் கை பெரும்பாலும் வீட்டு ஆள்தான். பெண் பிள்ளை என்றால் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற கட்டு வேறு. படித்து முன்னேறு என்று சொல்கிற வீடுதான், ஆனால் ‘மன்றக் கூட்டம், ஏழு மணி ஆகும்’ என்றால் எதற்கு என்று கேட்கும். கேட்பதில் தப்பில்லை. மதிப்பெண் தராத நேரத்துக்கு என்ன விலை என்று அவர்களுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

அரசு நிறையச் செய்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022-ல் புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. பிள்ளைகள் கல்லூரி வாசல் வரை வந்துசேர்ந்துவிட்டார்கள். உள்ளே வந்த பிறகு அவர்களுக்குத் தோழமை வேண்டும். பேச்சில் தோற்றுப் பழகவும், தன்னைவிடக் கெட்டிக்காரரோடு பழகவும் இடம் வேண்டும். ஆறு பேப்பரைத் தனித்தனியாக அவரவர் செல்போனில் படித்து முடித்தாலும் பட்டம் வந்துவிடும். வேலைக்கான நேர்முகத்தில் குழு விவாதம் என்றதும் தொண்டை அடைப்பது அதற்குப் பிறகுதான்.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், வேலை நேரத்தை ஒரு மணி முன்னதாக முடித்து, ஆனர்ஸ் எடுத்தவர்களும் எடுக்க நினைப்பவர்களும் துறை பேதமில்லாமல் ஓர் அறையில் உட்காரட்டும். ஒருவர் தான் படித்ததைச் சொல்லட்டும், மற்றவர் மறுக்கட்டும். மாதம் ஒருமுறை ஆரணித் தறிக்காரர் ஒருவரோ கூத்து வாத்தியாரோ விருந்தினராக வரட்டும். அவருக்கு உரிய மதிப்பூதியம் கொடுக்கப்படட்டும். பருவத்துக்கு ஓர் இதழ், தமிழில். முதல் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைக்க வேண்டும். தார் சுற்றுவதை ஒரு சாயங்காலம் விட்டுவிட்டு அந்த அம்மா வந்து உட்கார்ந்து, தன் மகள் எழுந்து நின்று எதிர்வாதம் செய்வதைப் பார்க்கட்டும். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை ஊர் ஊராக இறக்கிவிட ஒரு பேருந்து நிற்க வேண்டும். அந்தப் பேருந்து நிற்காவிட்டால் இது ஆண் பிள்ளைகளின் மன்றமாக மட்டும் போய்விடும்.