பேரேட்டின் மறு பிரதி

நமது சங்கங்களின் பேரேடு கணிப்பொறியில் ஏறிவிட்டது. நெசவாளர் கூலியும் விவசாயியின் கடன் பாக்கியும் அந்த ஒரு பெட்டியை நம்பியிருக்கின்றன. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் பல நாடுகளின் கணிப்பொறிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பலர் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பென் டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கணிப்பொறியிலேயே செருகி வைத்திருக்கும் வழக்கத்தைப் பல அலுவலகங்களில் காண்கிறோம். அது பிரதியாகாது, இணைந்திருப்பதையும் அத்தகைய நிரல் பூட்டிவிடும். (பேரேட்டையும் அதன் பிரதியையும் ஒரே அலமாரியில் வைப்பாருண்டோ?) எடுத்தவுடன் கழற்றி, வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அதை மற்றொரு கணிப்பொறியில் திறந்து, யாரேனும் ஓர் அங்கத்தினரின் கணக்கைக் காரியதரிசி படித்துப் பார்ப்பாராக.