அந்த மணியை ஒலிக்காதவர்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகருக்கு எதிரே, பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில் கொரனாடோ என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கடற்படைப் பயிற்சிக்கூடத்தின் முற்றத்தில் பித்தளை மணி ஒன்று தொங்குகிறது. 'இனி என்னால் இயலாது' என்று எண்ணும் இளைஞன் அம்மணியை மூன்று முறை ஒலித்து, தன் தலைக்கவசத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியேறலாம். தடுப்பார் எவருமில்லை. குளிரும் பசியும் உறக்கமின்மையும் அத்துடன் அவனை விட்டு நீங்கிவிடும்.

அம்மணியை ஒலிக்காமல் இறுதிவரை நின்றவர்களே 'சீல்' எனப்படும் சிறப்புப் படையில் சேரும் தகுதியை நெருங்குகின்றனர். நூறு பேர் நுழைந்தால் எஞ்சுவோர் பெரும்பாலும் இருபது முப்பது பேரே. அப்படை ஈடுபட்ட போர்களின் நியாய அநியாயங்கள் தனியே பேசப்பட வேண்டியவை. இத்தகைய கடுந்தேர்வுக்கு ஓர் இளைஞன் தன் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு ஆயத்தம் செய்கிறான் என்பதையே ஈண்டு நாம் காண விழைகிறோம். படையிலோ காவல்துறையிலோ சேர ஆசைப்பட்டு, விடியுமுன் எழுந்து ஓடும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உள்ளனர் அல்லவா? அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அறிய வேண்டிய செய்திகள் இதில் உண்டு.

இத்துணைக் கடுமை ஏன்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டு. பகைவர் கரையில் படைகள் இறங்குவதற்கு முன்பே சென்று, நீருக்கடியில் நடப்பட்ட தடைகளை வெடிவைத்துத் தகர்க்கும் குழுக்கள் அமெரிக்கக் கடற்படைக்குத் தேவைப்பட்டன. ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் பியர்ஸ் என்னுமிடத்தில் டிரேப்பர் காஃப்மன் என்ற அதிகாரி அப்பயிற்சியைத் தொடங்கினார். மிகக் கடினமான வாரத்தை அவர் தொடக்கத்திலேயே வைத்தார். தாங்க இயலாதவர்கள் முதலிலேயே விலகிவிட வேண்டும் என்பது நோக்கம். அதிகாரியாக இருந்தும், தாமே வீரர்களுடன் சேர்ந்து அவ்வாரத்தின் துன்பத்தை ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் அக்குழுக்கள் இறங்கின. அங்குள்ள ஓமாஹா கடற்கரையில் மட்டும் 31 பேர் மாண்டனர்; 60 பேர் காயமுற்றனர். பயிற்சியின் கடுமைக்குக் காரணம் இதுவே. பின்னர் 1962இல் சீல் படை அமைக்கப்பட்டபோதும் அம்மரபு தொடர்ந்தது.

உடலின் ஆயத்தம்

கொரனாடோவில் நடைபெறும் அடிப்படைப் பயிற்சியின் காலம் 24 வாரங்கள். அதற்குள் நுழைவதற்கே ஒரு தேர்வு உண்டு. 500 கஜ தூரத்தைப் பன்னிரண்டரை நிமிடத்திற்குள் நீந்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் 50 தண்டால் எடுக்க வேண்டும். உயரக் கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேல் வருமாறு 10 முறை உடலை உயர்த்த வேண்டும். பின்னர் ஒன்றரை மைல் தூரத்தைப் பத்தரை நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். இவை கடைநிலைத் தகுதிகளே. இவற்றை விளிம்பில் தொட்டவன் உள்ளே நிலைப்பது அரிது.

உள்ளே சென்றபின் வருவன வேறு. காலணியுடன் கடற்கரை மணலில் நான்கு மைல் ஓட்டம். ரப்பர் படகைத் தலைமேல் சுமந்து நடத்தல். பருத்த மரத்தைப் பலர் சேர்ந்து தூக்கி இறக்குதல். கைகால்கள் கட்டப்பட்ட நிலையில் நீரில் மிதத்தல். இவற்றுக்குப் புடைத்த தோள்கள் மட்டும் போதா. நெடுநேரம் இயங்கும் நெஞ்சும், அடிமேல் அடி தாங்கும் எலும்பும் வேண்டும்.

இங்கேதான் பல இளைஞர்கள் தவறிழைக்கின்றனர். ஆசை மிகுதியால் முதல் மாதத்திலேயே மிகையாக ஓடுகின்றனர். தசை விரைவில் வலுப்பெறும். எலும்போ மெல்லத்தான் வலுப்பெறும். அதற்குரிய கால அவகாசம் கொடாதவனின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். மனம் முன்னே செல்லத் துடித்தாலும் கால் இடங்கொடாது. இதை அறிந்தே அக்கடற்படை, தேர்வுக்கு வர விரும்புவோருக்கென 26 வாரப் பயிற்சி ஏடொன்றை வெளியிட்டது. மெதுவான நீண்ட ஓட்டம் ஒரு நாள், விரைவான ஓட்டம் ஒரு நாள், விட்டுவிட்டு ஓடும் குறுகிய ஓட்டம் ஒரு நாள் எனப் பிரித்து, தூரத்தைப் படிப்படியாகவே கூட்டச் சொல்வது அம்முறை. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை உணர்ந்தவனே நெடுந்தூரம் செல்வான்.

உள்ளத்தின் ஆயத்தம்

பயிற்சியின் தொடக்க வாரங்களுக்குள்ளேயே 'நரக வாரம்' என்று பெயர்பெற்ற ஐந்தரை நாட்கள் வருகின்றன. ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை மொத்தமாகக் கிடைக்கும் உறக்கம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. ஓட்டமும் நடையுமாக 200 மைல்களுக்கு மேல் கடக்க வேண்டும். உடல் எப்போதும் ஈரம், உடையெங்கும் மணல். ஆண்டின் பெரும்பகுதியில் அக்கடல் நடுங்க வைக்கும் குளிர்ச்சி உடையது.

வியப்பு யாதெனில், மணியை ஒலிப்போருள் பெரும்பாலோர் முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே ஒலித்துவிடுகின்றனர். உடல் முற்றிலும் ஓய்ந்துபோவதற்கு முன்பே அவர்கள் விலகுகின்றனர். 'இன்னும் நான்கு நாட்கள் உள்ளனவே' என்ற எண்ணமே அவர்களை வீழ்த்துகிறது. தாங்கி நின்றவர்கள் கூறும் உபாயம் எளியது. அவர்கள் வெள்ளிக்கிழமையை நினைப்பதில்லை. அடுத்த உணவு வேளையை மட்டுமே நினைக்கின்றனர். அதுவும் தொலைவாகத் தோன்றினால், அடுத்த அடியை நினைக்கின்றனர்.

அப்பயிற்சிக்கூடம் நான்கு மனப்பழக்கங்களைக் கற்பிப்பதுண்டு. சிறு சிறு இலக்குகளாகப் பிரித்துக்கொள்வது ஒன்று. செய்யவிருப்பதை முன்கூட்டியே மனக்கண்ணில் நடத்திப் பார்ப்பது இரண்டாவது. தன்னோடு தான் பேசும் சொற்களைத் திருத்திக்கொள்வது மூன்றாவது. மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டுப் பதற்றத்தைத் தணிப்பது நான்காவது. நீருக்கடியில் பயிற்றுநர்களே மூச்சுக்குழாயைப் பிடுங்கிச் சிக்கலாக்கும் தேர்வொன்று உண்டு. அங்கே பதறுபவன் தோற்கிறான். பொறுமையுடன் சிக்கலை ஒவ்வொன்றாக அவிழ்ப்பவன் வெல்கிறான்.

அப்படையில் உயர்பதவி வகித்த தளபதி வில்லியம் மெக்ரேவன், 2014ஆம் ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தம் பயிற்சிக் காலத்தை நினைவுகூர்ந்தார். அவர்களுள் மிகக் குள்ளமானவர்கள் சேர்ந்து ஒரு படகுக் குழுவாக இருந்தனர். ஐந்தடி ஐந்தங்குலத்தை மிஞ்சியவர் அவர்களில் அரிது. உயர்ந்தவர்கள் அவர்களைக் கேலி செய்தனர். ஆனால் துடுப்பிலும் ஓட்டத்திலும் நீச்சலிலும் முந்தியவர்கள் அக்குள்ளர்களே.

மற்றொன்றும் சொன்னார். நரக வாரத்தில் ஓரிரவு, கழுத்தளவு குளிர்ந்த சேற்றில் அனைவரும் நின்றனர். ஐந்து பேர் விலகினால் மற்றவர்கள் கரையேறலாம் என்றனர் பயிற்றுநர்கள். பற்கள் கிட்டிய அந்நேரத்தில் ஒருவன் பாடத் தொடங்கினான். ஒரு குரல் இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. அதன்பின் சேறும் குளிரும் சற்றே குறைந்ததாகத் தோன்றியதாம். தனியே தாங்க இயலாததைக் கூட்டாகத் தாங்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எல்லை எங்கே?

எனினும், அன்பர்களே, இக்கதையின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். 2022 பிப்ரவரி 4 அன்று, நரக வாரத்தை வெற்றியுடன் முடித்த 24 வயது இளைஞர் ஒருவர் சில மணி நேரத்திற்குள் உயிர் நீத்தார். அவருடைய நுரையீரலைக் கடும் காய்ச்சல்நோய் தாக்கியிருந்தது. அவர் மணியை ஒலிக்கவில்லை, வென்றார், ஆனால் தாயிடம் திரும்பவில்லை. பின்னர் நடந்த விசாரணைகள் மருத்துவக் கண்காணிப்பில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டின. உடல்வலுவைச் செயற்கையாகக் கூட்டும் மருந்துகளைப் பயிற்சி பெறுவோர் சிலர் நாடுவதும் வெளிச்சத்திற்கு வந்தது. 2023 நவம்பர் முதல் அம்மருந்துகளுக்கான திடீர்ப் பரிசோதனைகள் தொடங்கின.

விடாமுயற்சி என்பது வேறு. நோயை மறைப்பது என்பது வேறு. சோர்வும் வலியும் தாங்கிக்கொள்ள வேண்டியவை. ஆனால் இருமலில் இரத்தம் வருவதும், மூச்சு முட்டுவதும், நடக்கவொட்டாத எலும்பு வலியும் உடல் எழுப்பும் அபயக் குரல்கள். அவற்றைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சி வாய்மூடியிருப்பது வீரமாகாது. அதைச் சொன்னவனைக் கோழை என்று ஏளனம் செய்யும் சூழல் நல்ல பயிற்சிக்கூடத்திற்கு அழகுமாகாது.

ஆகவே பெற்றோர்களே! உங்கள் மகன் இத்தகைய தேர்வொன்றுக்கு ஆயத்தமானால், எத்தனை தண்டால் எடுத்தாய் என்று மட்டும் கேளாதீர்கள். எங்கே வலிக்கிறது என்றும் கேளுங்கள். எத்தனை மணி நேரம் உறங்கினாய் என்று கேளுங்கள். புட்டியிலும் ஊசியிலும் விரைவான வலிமை தேடுகிறானா என்று கண்காணியுங்கள். தேறாமல் திரும்பினாலும் இல்லத்தின் கதவு திறந்தே இருக்கும் என்று அவன் அறியட்டும். அந்த உறுதி உள்ளவன் மணியை எளிதில் ஒலிக்கமாட்டான். ஒலிக்க வேண்டிய நேரம் வந்தால், நாணமின்றி ஒலித்து உயிருடன் வீடு திரும்புவான்.