உஷார்! சிம் வாங்கும் இடத்தில் இரண்டாவது முறை விரல் கேட்டால்...

ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரம் பார்த்து பேரணாம்பட்டில் கலர் குடை விரிகிறது. "சிம் ஃப்ரீக்கா, ஆதார் மட்டும் குடுங்க, ரெண்டே நிமிஷம்!"

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒரு குடையடியில் கம்பெனி மாறப் போனார். துணைக்கு நானும் போனேன். இருபது வருஷம் டேனரியில் சுண்ணாம்புத் தோலைப் புரட்டிய கை அது. விரல் நுனியில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். ரேஷன் கடை மெஷினிலேயே மூன்று தரம் துடைத்துத் துடைத்து வைத்தால்தான் விழும். அந்தப் பையன் மெஷினை நீட்டினான், அக்கா அழுத்தினார். செல்லைப் பார்த்துவிட்டு, "விழலக்கா, இன்னொரு தடவ" என்றான். அக்காவுக்கு இது பழகிப்போன பேச்சு. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். அடுத்து "போட்டோ இருட்டா இருக்கு" என்று முகத்தையும் இரண்டாம் தரம் பிடித்தான். கைக்கு வந்தது ஒரு சிம்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தோம். அக்கா பேரில் மூன்று நம்பர் ஓடுகிறது. அவருக்குத் தெரிந்தது இரண்டுதான்.

முதல் தரமே ரேகை விழுந்திருக்கும். இரண்டாவது அழுத்தலில் இன்னொரு சிம் உயிர்பெற்றிருக்கும். இப்படி எடுக்கும் சிம்தான் மோசடிக் கும்பலுக்கு விலை போகிறது. அதிலிருந்து யாரோ ஒருவரிடம் ஓடிபி கேட்டுப் பணத்தைச் சுருட்டினால், போலீஸ் முதலில் விசாரிக்க வருவது சிம் யார் பேரில் இருக்கிறதோ அந்த வாசலுக்குத்தான்.

எங்கோ ஒன்று இரண்டு நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி, மோசடியாக எடுத்ததாகத் துண்டிக்கப்பட்ட இணைப்புகள் 52 லட்சம். தடை செய்யப்பட்ட சிம் விற்பனையாளர்கள் 67,000 பேர். ஏமாற்றி சிம் எடுத்தால் 3 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2023 தொலைத்தொடர்புச் சட்டமே சொல்கிறது. இருந்தும் குடைகள் விரிந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் பக்கத்துக் கைகள் தோலிலும் கெமிக்கலிலும் தேய்ந்த கைகள். "விழல" என்று சொன்னால் சந்தேகமே வராது. என் வயிற்றைக் கலக்குவது அதுதான்.

இன்று ராத்திரியே சஞ்சார் சாத்தியில் உங்கள் நம்பரைப் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்துப் பாருங்கள். அம்மா, பாட்டி நம்பருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் 'இது என் நம்பர் இல்லை' என்பதை அமுக்கிப் புகார் கொடுங்கள், காசு கிடையாது. அரசின் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டியும் வைக்கலாம். ரேஷனுக்கு விரல் வைக்கும் நாளில் மட்டும் திறந்துகொண்டால் போதும்.

கம்பெனி மாறுவதற்குக் குடையே தேவையில்லை. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900க்கு மெசேஜ் அனுப்பினால் கோடு வரும். அதோடு அந்தக் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். போவதற்கு முன்னால், அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் ஆளை வீட்டுக்குள் கூப்பிட்டு, சமையல்கட்டில் நின்று பேசச் சொல்லிப் பாருங்கள். டவர் தெருவுக்குத் தெரு மாறும்.

புது நம்பர் எடுத்தால், பழைய நம்பரைச் சும்மா தூக்கிப் போடவும் கூடாது. 90 நாள் பயன்படுத்தாமல், ரீசார்ஜும் இல்லாமல் கிடந்தால் நம்பர் போய்விடும், பிறகு வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் பி.எஃப். ஓடிபி அங்கே போய் நிற்கும். முதலில் பி.எஃப்., பேங்க், ஆதார் மூன்றிலும் நம்பரை மாற்றுங்கள்.

ரீசார்ஜ் செய்யப் போனால், பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் நெட் பேக்கைத் தலையில் கட்டுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி, பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பிளான் 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், அதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செல் வாங்கும்போது '5ஜி' என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4, ஜியோ 5ஜியை எடுத்தது, அப்போதிருந்த ஏர்டெல் 5ஜியை எடுக்கவில்லை. உங்கள் சிம்மை அதே செல்லில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அக்காவின் மூன்றாவது நம்பருக்குப் புகார் போட்டாயிற்று. நேற்றும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் குடை இருந்தது. உங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே நின்றால் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: "விழல" என்றால் "செல்லைக் காட்டு" என்று கேட்கச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் விரலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டச் சொல்லுங்கள்.