சாம்பலுக்குக் காசு

வீட்டைக் குளிர்மையாக வைத்திருப்பது எவ்வாறு என்பதே நம்மவர் கவலை. ஐரோப்பாவின் வடபுறத்திலோ வீட்டையும் தொழிற்சாலையையும் சூடாக்குவதே பெருஞ்செலவு. அதற்கென எரிக்கும் எண்ணெயையும் வாயுவையும் குறைத்து, விறகு, சூரிய வெப்பம், நிலத்தடி வெப்பம் ஆகிய குன்றா மூலங்களின்பால் மக்களைத் திருப்புவதற்காக அரசாங்கங்கள் பணங்கொடுக்க முன்வந்தன. நல்ல நோக்கமே. ஆயினும் வட அயர்லாந்திலே அந்நல்ல நோக்கம் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்டது.

2011ஆம் ஆண்டிலே பிரித்தானியா இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பரிலே வட அயர்லாந்தும் தனக்கெனத் தனித் திட்டத்தை வகுத்தது. மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குளிகைகளை எரிக்கும் கொதிகலத்தை ஒருவர் தமது தொழிலிடத்திலே பொருத்தினால், அது தரும் வெப்பத்தில் ஒவ்வோர் அலகுக்கும் (நம் மின்சாரப் பட்டியலிலே காணும் அதே அலகுதான்) 5.9 பென்ஸ் வீதம் 20 ஆண்டுகள் கிடைக்கும். 20 கிலோவாற்றுக்குக் குறையாமலும் 100 கிலோவாற்றை எட்டாமலும் உள்ள கொதிகலங்களுக்குரிய வீதம் இது.

மாணவர்கள் இங்கே பென்சிலை எடுக்கலாம். திட்டத்தை வகுக்க உதவிய ஆலோசகர்களின் கணக்கின்படி ஓரலகு வெப்பத்துக்கு வேண்டிய குளிகையின் விலை 4.39 பென்ஸ். அரசாங்கம் கொடுப்பதோ 5.9 பென்ஸ். ஆகவே எரிக்கும் ஒவ்வோர் அலகுக்கும் ஒன்றரைப் பென்ஸ் மிச்சம்! 99 கிலோவாற்றுக் கொதிகலத்தை ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓயாது எரித்தால், எரிபொருட் செலவு போக ஏறத்தாழ 13,000 பவுண் கையிலே நிற்கும். வெப்பம் எவருக்கேனும் பயன்பட்டதா என்பது வேறு விஷயம். இவ்விரு தொகைகளும் ஆலோசகர்களின் ஒரே அறிக்கையிலே அச்சாகியிருந்தன என்பதுதான் வியப்பு.

பிரித்தானியத் திட்டத்திலே இதற்குத் தடையிருந்தது. ஆண்டில் முதல் 1,314 மணி நேரத்துக்கு மட்டுமே உயர்ந்த வீதம். அதற்கு மேற்பட்டால் எரிபொருளின் விலைக்கும் மிகக் குறைந்த வீதம். வீணே எரிப்பவனுக்கு நட்டம். பிரித்தானிய விதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்ட வட அயர்லாந்தார் இதனை மட்டும் விட்டுவிட்டனர். விதிகளைச் சட்டசபையிலே சமர்ப்பித்த மந்திரி ஆர்லீன் பொஸ்ற்றர், தாம் அவற்றைப் படிக்கவில்லை என்று பிற்காலத்திலே விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

எவருமே எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார் ஒரு பெண்மணி. வெப்பத்தைச் சிக்கனப்படுத்தும் கருவிகளை விற்கும் சிறு வர்த்தகர் அவர். கொதிகலம் பெற்றவர்களிடம் சென்றால் கருவியை வாங்குவாரில்லை. சூடாக்கிய கட்டடங்களிலே சாளரங்கள் திறந்து கிடந்தன. சிக்கனத்துக்கு அங்கே என்ன வேலை? 2013ஆம் ஆண்டிலேயே அவர் மந்திரிக்கு எழுதினார். உத்தியோகத்தர்களை நேரிலும் கண்டார். மக்கள் அவ்வாறு செய்வார்கள் என்பதை அவர்கள் நம்பவில்லை. மறு ஆண்டும் எழுதினார். அப்பொழுதே செவிசாய்த்திருப்பின் இக்கதைக்கு இடமே இருந்திராது.

2015ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலே வீதம் குறையப்போகிறதென்ற செய்தி பரவவே, மூன்று மாதங்களிலே 984 விண்ணப்பங்கள் குவிந்தன. செலவு முழுவதையும் லண்டன் திறைசேரியே ஏற்கும் என்று உத்தியோகத்தர் எண்ணியிருந்தனர். லண்டன் தரும் பணத்துக்கோ எல்லையிருந்தது. மிகுதியைப் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் உரிய சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கவேண்டும். 2016 பெப்ரவரி இறுதியிலே புதியவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 20 ஆண்டுகளில் 49 கோடிப் பவுண் மிகைச்செலவாகும் எனப் பின்னர் கணக்கிட்டனர். 'சாம்பலுக்குக் காசு' என்று ஊரார் பரிகசித்தனர்.

பொஸ்ற்றர் அப்பொழுது முதல்மந்திரி. 2017 ஜனவரி 9ஆம் திகதி துணை முதல்மந்திரி மார்ட்டின் மக்கினஸ் பதவி துறக்கவே, இரு சமூகத்தாரும் கூடி நடத்திய அரசாங்கம் வீழ்ந்தது. இரு கட்சிகளுக்குமிடையே வேறு மனத்தாங்கல்களும் இருந்தன என்பதை மறத்தலாகாது. ஆயினும் கொதிகலமே தீப்பொறியாயிற்று. மூன்று ஆண்டுகள் அந்நாட்டிலே மந்திரிசபை இல்லை. இளைப்பாறிய நீதிபதி சேர் பற்றிக் கொக்லின் தலைமையிலே நடந்த விசாரணையின் அறிக்கை 2020 மார்ச்சிலே வெளிவந்தது. ஊழலைக் காட்டிலும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த தவறுகளும் கவனக்குறைவுகளுமே காரணம் என்று அது கண்டது.

இதனிடையே, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும் என்று நியாயமாகவே கொதிகலம் வைத்த கமக்காரரும் பலர் இருந்தனர். 20 ஆண்டுக்கு அரசாங்கம் கொடுத்த வாக்கை நம்பி வங்கியிலே கடன்பட்டவர்கள் அவர்கள். 2017ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் வீதங்கள் வெட்டப்பட்டன. சராசரியாக ஆண்டுக்கு 13,000 பவுண் அளவிலே கிடைத்துவந்த கொதிகலத்துக்கு 2,000 பவுண் அளவே என்றாயிற்று. இயங்காத பெல்பாஸ்ற் சட்டசபைக்குப் பதிலாக லண்டன் பாராளுமன்றமே அச்சட்டத்தை நிறைவேற்றியது. வங்கிக் கடன்கள் மட்டும் பழைய வீதத்தை நம்பிப் பட்டவையாகவே நின்றன.