காயிலோவர் மாட்டப் போறீங்களா? காரை இறக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

2013-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ இன்ஜினில் 105 பிஎஸ் பவர் கொடுத்தது. 2022-ல் போலோ தயாரிப்பு நின்றுபோனாலும், செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதன் மவுசு குறையவில்லை. குறைந்த பட்ஜெட்டில் வேகமான கார் தேடும் இளைஞர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். கார் கைக்கு வந்த சில மாதங்களில் அடுத்த ஆசை எட்டிப் பார்க்கும். 'வண்டியைக் கொஞ்சம் இறக்கணும். வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கிட்டுப் போகணும்!'

அந்த ஆசைக்குக் கடைக்காரர் சொல்லும் பெயர், காயிலோவர். சரியாகத் தேர்ந்தெடுத்தால் கார் ஓட்டும் அனுபவமே மாறிவிடும். தவறாகத் தேர்ந்தெடுத்தால், காசும் போய், பின் சீட்டில் உட்காரும் அம்மாவின் முதுகும் போகும்.

காயிலோவர் என்பது என்ன?

ஷாக் அப்சார்பரும் (மெக்கானிக்குகள் மொழியில் டேம்பர்) அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக இருப்பதுதான் காயிலோவர். கடைகளில் விற்கும் கிட்டில் டேம்பரின் உடம்பில் மரை இருக்கும். அதிலுள்ள வளையத்தைத் திருகினால் காரின் உயரம் கூடும், குறையும்.

போலோவின் முன்பக்கத்தில் கம்பெனி கொடுத்ததிலேயே ஸ்பிரிங், டேம்பரைச் சுற்றித்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, டேம்பர் தனி. எனவே 'நாலு சக்கரத்துக்கும் காயிலோவர்' என்று விற்றாலும், பின்னால் கிடைப்பது உயரம் மாற்றும் வசதியுள்ள ஸ்பிரிங்கும், தனியாக ஒரு டேம்பரும்தான். அது குறையில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

காசு எங்கே போக வேண்டும்?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது டேம்பர். பட்ஜெட் குறைவாக இருந்தால், பணம் முதலில் போக வேண்டியது டேம்பரின் தரத்துக்குத்தான்.

மலிவு விலை கிட்டுகளின் விளம்பரத்தில் '30 கிளிக் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். டேம்பரே சுமாராக இருந்தால், அத்தனை கிளிக்கும் சுமாரான 30 நிலைகள்தான். இடது டேம்பரும் வலது டேம்பரும் ஒரே கிளிக்கில் வேறு வேறு மாதிரி இயங்கினால், பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் அலையும்.

பில்ஸ்டீன் பி14, கேடபிள்யூ வேரியன்ட் 1 போன்ற ஜெர்மன் கிட்டுகளில் உயரத்தை மட்டும்தான் மாற்ற முடியும். டேம்பரின் இறுக்கத்தைத் தொழிற்சாலையிலேயே ஸ்பிரிங்குக்கு ஏற்ப அமைத்துவிடுகிறார்கள். தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு, கிளிக் நிறைய உள்ள மலிவான கிட்டைவிட இந்த வகையே நிம்மதி.

ஸ்பிரிங் கணக்கு

ஸ்பிரிங்கின் விறைப்பை 'ஒரு மி.மீ.-க்கு இத்தனை கிலோ' என்று சொல்வார்கள். ஒரு ஸ்பிரிங் மீது 300 கிலோ எடை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோ ஸ்பிரிங் என்றால் அது 100 மி.மீ. அமுங்கி நிற்கும். 6 கிலோ ஸ்பிரிங் என்றால் 50 மி.மீ. மட்டுமே அமுங்கும்.

பள்ளம் வரும்போது அந்த அமுங்கிய அளவுதான் விரிந்து, சக்கரத்தைக் கீழே தள்ளும். ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால், பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டுவிடும். வழவழப்பான ரேஸ் டிராக்கில் சிறப்பாக இருக்கும் செட்டிங், குண்டும் குழியுமான ரோட்டில் பிடிமானத்தைக் குறைப்பது இதனால்தான்.

எவ்வளவு இறக்கலாம்?

இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி போடும் வட்ட வடிவ ஸ்பீடு பிரேக்கரின் உயரமே 10 செ.மீ. விதியைப் பார்க்காமல் போட்டவை அதைவிட உயரம். குடும்பத்தோடும் லக்கேஜோடும் போகும்போது கார் இன்னும் தாழும்.

அதிகமாக இறக்கினால் டேம்பர் அமுங்க இடமிருக்காது. ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் 'டொக்' என்று இடிக்கும். போலோ போன்ற கார்களில் முன்பக்கக் கீழ் ஆர்ம், சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடும். அப்போது வளைவில் கார் சாய்வது குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். ரோட்டில் ஓட்டும் காருக்கு 25 முதல் 30 மி.மீ. இறக்கினாலே போதும்.

கடையில் கேட்க வேண்டியவை

* முன், பின் ஸ்பிரிங்கின் விறைப்பு எத்தனை கிலோ?
* ஆயில் கசிந்தால் டேம்பரைச் சர்வீஸ் செய்ய முடியுமா? ஒரு டேம்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?
* டாப் மவுன்ட், பேரிங் கிட்டோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா?
* பழைய கிட் என்றால், ஆயில் கசிவு இருக்கிறதா? வளையம் துருப்பிடிக்காமல் திரும்புகிறதா?

பட்ஜெட்டில் மாட்டும் கூலியையும் வீல் அலைன்மென்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். அலைன்மென்ட் செய்யாவிட்டால் புது டயர்கூட உள்பக்கம் சீக்கிரம் தேய்ந்துவிடும். சஸ்பென்ஷன் ஆர்ம்களில் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்தே முறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கார் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எனவே ஆர்டர் கொடுக்கும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

கை கொஞ்சம் இறுக்கமா?

பல பழைய கார்கள் வளைவில் ஆடுவதற்குக் காரணம், உயரம் அல்ல. ஓய்ந்துபோன டேம்பரும், வெடித்த புஷ்ஷும், காய்ந்த டயரும்தான். கம்பெனி அளவிலேயே நான்கு புது டேம்பர், முன்பக்க ஆர்ம் புஷ், நல்ல பிராண்டில் நான்கு டயர் என்று மாற்றிப் பாருங்கள். காரின் பழைய உறுதி திரும்பி வரும். சட்டச் சிக்கலும் கிடையாது.

அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால், இன்னும் ஆறு மாதம் சேமித்து நல்ல கிட்டாகவே வாங்குங்கள். மலிவான கிட்டை வாங்கி, ஒரே வருடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்குபவர், கடைசியில் இரண்டு கிட்டுக்கும் காசு கொடுத்தவராகிறார்.