படகு மோட்டாருக்கு எமனாகும் பழைய ரப்பர் குழாய்!

நடு ஏரி. சுற்றிலும் தண்ணீர். படகிலே அப்பா, அம்மா, பிள்ளைகள். படகின் பின்புறம் மாட்டிய மோட்டார் தடதடவென்று ஓடுகிறது. திடீரென்று "கிரீச்" என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் அசைய மறுக்கிறது!

பெட்ரோல் இருக்கிறது. ஆயில் தொட்டியிலும் ஆயில் நிறைய இருக்கிறது. பிறகு ஏன் நின்றது?

தொட்டியில் இருந்த ஆயில் என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், விரல் பருமன்கூட இல்லாத குழாய், பழசாகி வெடித்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

அமெரிக்காவின் மிச்சிகன், சுப்பீரியர் ஏரிகளை நம் ஊர் ஏரிகள் போல நினைத்துவிடாதீர்கள். நடுவே போனால் கரை தெரியாது. அங்கே மோட்டார் நின்றால், காற்று அடிக்கும் பக்கமெல்லாம் படகு போகும்.

கலந்து ஊற்றிய காலம்

படகின் பின்னால் கழற்றி மாட்டும் மோட்டாரை அமெரிக்காவில் ஊர் ஊராகப் பரப்பியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்தவர். மில்வாக்கி நகரில் 1909-ல் தம் மோட்டாரை விற்கத் தொடங்கினார். அதன் சக்தி ஒன்றரைக் குதிரைத் திறன்தான்.

அதற்குப் பின் வந்த மோட்டார்களில் பெரும்பாலானவை "டூ ஸ்ட்ரோக்" வகை. நம் வீட்டுப் பழைய பஜாஜ் ஸ்கூட்டரும், டி.வி.எஸ். 50-ம் இதே ஜாதிதான். பெட்ரோல் பங்கில் 2டி ஆயிலைக் கலந்து ஊற்றியது நினைவிருக்கிறதா? கார் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படிச் சேமிப்பு கிடையாது. பெட்ரோலோடு வரும் ஆயில் பிஸ்டனை நனைத்துவிட்டு எரிந்து புகையாகிப் போய்விடும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பம் போல! வரவு நின்றால் அடுப்பு அணைந்துவிடும்.

கையால் கலக்கும் தொல்லை வேண்டாம் என்று ஒரு வழி கண்டார்கள். 1984-ல் எவின்ரூட், ஜான்சன் மோட்டார்களில் தானாக ஆயில் கலக்கும் பம்பு வந்தது. வேகமாக ஓடினால் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்; மெதுவாக ஓடினால் 150-க்கு 1. யமகா மோட்டாரிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. அதன் பெரிய மோட்டார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஆயில் குழாய் போகும். நல்ல வசதிதான். ஆனால் அன்று மாட்டிய குழாய்களுக்கு இன்று 30, 40 வயது!

சொட்டாத ஓட்டை

மோட்டார் மூடிக்குள் எப்போதும் சூடு. வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடந்தால் குழாய் விறைத்துப் போகும். கண்ணாடி போல இருந்தது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். மடக்கினால் படீரென்று உடையும். முனையிலே பிடிப்புத் தளர்ந்துவிடும்.

குழாய் ஓட்டையானால் ஆயில் சொட்டாதா, தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் மோசம் இருக்கிறது! தொட்டி கீழே, பம்பு மேலே. பம்பு ஆயிலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு விழுந்தால் ஆயில் வெளியே வராமல், காற்று உள்ளே போகும். வெளியே பார்த்தால் குழாய் காய்ந்து, சுத்தமாக இருக்கும். ஆயில் தொட்டியில் அளவு குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் வாயைத் திறக்காது. தொட்டிதான் நிறைந்திருக்கிறதே!

பிஸ்டனோ நிமிடத்துக்கு 5,000 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஆயில் இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி, காய்ந்து, ஒட்டிக்கொள்ளும். "சீஸ் ஆகிவிட்டது" என்பார் மெக்கானிக். அதன் பிறகு செலவு சில்லறையில் முடியாது. மோட்டாரைப் பிரித்துப் போடவேண்டியதுதான்.

மாற்றுவது எப்படி?

கைத்திறன் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். முதலில் பாட்டரி வயரைக் கழற்றிவிடவேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம். பீடி, சிகரெட் பக்கத்திலே வரக்கூடாது.

எல்லாக் குழாயையும் ஒரேயடியாகப் பிடுங்கிப் போட்டால், எது எங்கே இருந்தது என்று விழிக்க நேரிடும். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதை மாட்டி, பிறகு அடுத்ததைத் தொடவேண்டும். விறைத்த குழாயைப் பலமாக இழுக்கக்கூடாது. அது செருகியிருக்கும் பிளாஸ்டிக் மூக்கு முறிந்துவிடும்! கத்தியால் நீளவாக்கில் மெதுவாகக் கீறினால் தானே கழன்று வரும்.

புதிய குழாயின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்கவேண்டும். பெட்ரோலும் ஆயிலும் தின்னாத ரகமாக வாங்கவேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டவர்கள் மறுபடியும் கடைக்குப் போகவேண்டியதுதான். குழாயின் நடுவே சிறு வால்வு இருந்தால், அதில் போட்டிருக்கும் அம்புக்குறியைக் கவனிக்கவேண்டும். திருப்பி மாட்டினால் ஆயில் போகாது.

மாட்டி முடித்ததும் ஓட்டிவிடக்கூடாது. குழாயில் காற்று நிற்கும். பம்பில் காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விடவேண்டும்.

கழற்றி எறியலாமா?

"இந்த வம்பே வேண்டாம், பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் கலக்கிறேன்" என்கிறார்கள் பல படகுக்காரர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனிதனுக்கு மறதி உண்டே! ஒரு நாள் ஆயில் ஊற்ற மறந்தால், குழாய் வெடித்த கதைதான். பம்பு நன்றாக இருந்தால் குழாயை மட்டும் மாற்றுவதே மேல் என்பது என் எண்ணம். பம்பே கெட்டு, உதிரிப் பாகமும் கிடைக்காவிட்டால் கையால் கலப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பே 2020-ல் நின்றுவிட்டது.

குழாய் மாற்றிய பிறகு முதல் தொட்டிப் பெட்ரோலில் மட்டும் 50-க்கு 1 என்று ஆயிலைக் கையாலும் கலந்துவிடுவது வழக்கம். புகை கொஞ்சம் கூடுதலாக வரும், பாதகம் இல்லை. ஆயில் தொட்டியின் வெளியே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ஆயில் நிற்கும் இடத்தில் கோடு போடுகிறார்கள். கரையை விட்டு விலகாமல் ஒரு மணி நேரம் ஓட்டுகிறார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது ஆயில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், பம்பு உறிஞ்சுகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால், மறுபடி மூடியைத் திறக்கவேண்டும்.